மீற்றர் 13 காட்டுகிறது, சுவிட்சில் 13 இல்லை

கேட்டவர் தெஹிவளைக்காரர். கேள்வி நீளமானது, அதனால் முதலில் சுருக்கிவிடுகிறேன். மைத்துனர் ரொறன்ரோவிலிருந்து 50 வாற் கிற்றார் வால்வ் அம்ப் (ட்ரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய்களில் ஓடுவது) ஒன்று, ஹெட் மட்டும், அதாவது ஸ்பீக்கர் இல்லாத பெட்டி, கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். பின்பக்கம் 4, 8, 16 ஓம் என்று ஒரு சுவிட்ச். இவர் இங்கே 12 அங்குல ஸ்பீக்கர் நாலு உள்ள பழைய கபினெற் ஒன்றை வாங்கியிருக்கிறார். அதில் லேபல் எதுவும் இல்லை. மல்ரிமீற்றர் வைத்துப் பார்த்தால் 13 காட்டுகிறது. சுவிட்சை எதில் வைப்பது, பிழையாக வைத்தால் எரியுமா, நண்பரின் 8 ஓம் ஒற்றை ஸ்பீக்கர் பெட்டியையும் சேர்த்துக் கொழுவலாமா, வீட்டில் இருக்கும் ட்ரான்சிஸ்டர் அம்ப்புக்கும் இதே கபினெற்றைப் போடலாமா என்று கேட்கிறார். இப்படி நாலு கேள்வி இருந்தாலும் உண்மையில் அவருக்கு இருக்கும் பயம் ஒன்றுதான். கொண்டுவந்து கொடுத்த சாமானை எரித்துவிடுவேனோ என்பது அது. நியாயமான பயம். ஆனால் அது இருக்கவேண்டிய இடத்தில் இல்லை என்று நினைக்கிறேன். சுவிட்சைப் பற்றி அவர் கவலைப்படுகிறார். எனக்குக் கவலை தந்தது அந்த 13.

நான் பொறியியல் படித்தவன் இல்லை. வெள்ளவத்தையில் ரேடியோ திருத்தும் கடை ஒன்றில் எடுபிடியாகச் சேர்ந்து வேலை பழகினேன். கிற்றார் அம்ப் திருத்தத் தொடங்கி இருபத்தாறு வருடமாகிறது. ட்ரான்ஸ்போமர் சுற்றுவது என் தொழில் இல்லை, எரிந்ததைக் கழற்றி வேறொருவரிடம் சுற்றக் கொடுப்பேன். அதனால் கீழே சொல்வதில் கணக்குப் போட்டு நிறுவக்கூடியது எது, மேசையில் பார்த்துப் பார்த்து நான் எடுத்த முடிவு எது என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் 13. மல்ரிமீற்றர் அளப்பது நேர்மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கரின் கம்பிச் சுருள் காட்டும் தடையை. ஸ்பீக்கரில் எழுதியிருக்கும் 8 அல்லது 16 என்பது இம்பிடன்ஸ், அதாவது ஒலியாக மாறி மாறி ஓடும் மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு. மீற்றர் இலக்கம் எப்போதும் கொஞ்சம் குறைவாகவே வரும். 4 ஓம் ஸ்பீக்கர் 3 அல்லது 3.5 காட்டும், 8 ஓம் 6 முதல் 7 வரை, 16 ஓம் 11 முதல் 13 வரை. ஆக 13 என்பதை 16 என்று எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். அந்த 16கூட ஒரு பேச்சுக்குத்தான். 12 அங்குல கிற்றார் ஸ்பீக்கருக்கு 75 முதல் 100 ஹேர்ட்ஸ் பக்கத்தில் ஓர் ஒத்ததிர்வு உண்டு. அங்கே இம்பிடன்ஸ் பல மடங்கு ஏறிவிடும். பிறகு சில நூறு ஹேர்ட்ஸில் இறங்கி எழுதியிருக்கும் இலக்கத்துக்குக் கிட்ட வரும். மேல் சுரங்களுக்குப் போகப் போகத் திரும்பவும் ஏறும். நீங்கள் ஆறு கம்பியையும் சேர்த்து ஒரு கோட் வாசிக்கும்போது ஆறு கம்பிக்கும் ஆறு விதமான சுமை. அதனால் 13, 14, 16 என்ற சின்ன வித்தியாசத்துக்கு நித்திரை கெடத் தேவையில்லை.

ஆனால் லேபல் இல்லாத பழைய கபினெற்றில் 13 வந்தால் நான் உடனே 16 என்று சொல்லமாட்டேன். காரணம் இது. நாலு ஸ்பீக்கரை வழமையாக இணைக்கும் ஒரு முறை, இரண்டிரண்டாகத் தொடராக இணைத்து அந்த இரண்டு சோடியையும் சமாந்தரமாக இணைப்பது. ஒவ்வொன்றும் 16 ஓம் என்றால் ஒரு சோடி 32, இரண்டு சோடி சமாந்தரமாக 16. மீற்றரில் 13. சரி. இப்போது உள்ளே இருப்பவை 8 ஓம் ஸ்பீக்கர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சோடி 16, இரண்டும் சேர்ந்து 8, மீற்றர் ஆறரை காட்டவேண்டும். ஆனால் அதில் ஒரு ஸ்பீக்கரின் சுருள் அறுந்திருந்தால்? அது தொடரில் இருப்பதால் அதன் சோடியும் சேர்ந்து செத்துவிடும். மிச்சம் ஒரே ஒரு சோடி. ஆறரையும் ஆறரையும் பதின்மூன்று. நல்ல 16 ஓம் கபினெற்றும் பாதி செத்த 8 ஓம் கபினெற்றும் மீற்றருக்கு ஒரே முகத்தைத்தான் காட்டும்.

இது கற்பனைக் கதை இல்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு பொடியன் இப்படி ஒரு பெட்டியை முச்சக்கரவண்டியில் குறுக்காகக் கட்டிக்கொண்டு வந்தான். 'சத்தம் இருக்கு அண்ணா, ஆனா நெஞ்சில அடிக்கேல்லை' என்றான். மீற்றரில் 12.8. நானும் 16 என்றுதான் நினைத்தேன். பின்பலகையைக் கழற்றினால் நாலிலும் 8 என்று அச்சடித்திருந்தது. கீழ் வலது ஸ்பீக்கரில், சுருளிலிருந்து கூம்பின் மேலாக வந்து முனைக்குப் போகும் பின்னல் வயர் உண்டல்லவா, அது முனையோடு சேரும் இடத்தில் அறுந்து நின்றது. வெளியே பார்த்தால் ஒட்டியிருப்பதுபோலத்தான் தெரியும். விரலால் மெல்லத் தள்ளினால்தான் விலகும். கபினெற்றில் இருந்த பழுது அவ்வளவுதான், ஐந்து நிமிட வேலை. ஆனால் அவன் அதற்கு முன் ஆறு மாதமாக 50 வாற் அம்ப்பின் முழுப் பாரத்தையும் மற்ற இரண்டு ஸ்பீக்கரின் தலையில் ஏற்றியிருக்கிறான். அந்த இரண்டில் ஒன்று போயிருந்தால் சுமையே இல்லாத அம்ப். அதைப் பற்றிக் கீழே வருகிறேன், அதுதான் இந்தப் பதிலின் முக்கியமான இடம்.

ஆகவே நீங்கள் செய்யவேண்டிய முதல் வேலை, கேபிளை முழுவதும் கழற்றிவிட்டுப் பின்பலகையைத் திறப்பது. கபினெற்றுக்குள் ஷொக் அடிக்க ஒன்றும் இல்லை, பயப்படவேண்டாம். (அம்ப்பை மட்டும் திறக்கவேண்டாம். வால்வ் அம்ப்பின் கப்பாசிற்றர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், பிளக்கைக் கழற்றிய பிறகும் நிற்கும்.) காந்தத்தின் பின்னாலோ சட்டத்தின் ஓரத்திலோ ஓம் எழுதியிருக்கும். எழுதியிராவிட்டால் ஒரு வயரைக் கழற்றி ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளவுங்கள். கழற்றாமல் அளந்தால் மற்ற மூன்றும் கணக்கில் புகுந்து உங்களை ஏமாற்றும். நாலும் கிட்டத்தட்ட ஒரே இலக்கம் காட்டவேண்டும். அளக்கும்போது கூம்பை இரண்டு கையாலும் மெதுவாக, நேராக அமுக்கிவிடுங்கள். கூம்பு அசையும் கணத்தில் இலக்கம் ஆடுவது வழமை. அமுக்கி அசையாமல் பிடித்திருக்கும்போதும் துள்ளினால் அந்த ஸ்பீக்கரில் வயர் அறப்போகிறது. பலகை திறக்கக் கஷ்டம் என்றால் மிகக் குறைந்த சத்தத்தில் வாசித்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் கிட்டக் காதை வைத்துப் பார்க்கலாம். ஆனால் கண்ணால் பார்ப்பதுபோல் வராது. நாலும் 16, நாலும் வேலை செய்கிறது என்றால் சுவிட்ச் 16 இல். நாலும் 8 என்றால் பழுதைத் திருத்திவிட்டுச் சுவிட்ச் 8 இல். முதல் கேள்வி முடிந்தது.

இனி எரியுமா என்ற கேள்வி. வால்வ் அம்ப்பில் கடைசி வால்வுகளுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஒரு ட்ரான்ஸ்போமர் இருக்கிறது. வால்வ் தருவது நிறைய வோல்ட், கொஞ்சம் மின்னோட்டம். ஸ்பீக்கர் கேட்பது கொஞ்ச வோல்ட், நிறைய மின்னோட்டம். நடுவில் நிற்பது கிணற்றடித் துலா மாதிரி, ஒரு பக்கத்து நீண்ட அசைவை மறுபக்கத்தில் குறுகிய பலமான அசைவாக மாற்றுகிறது. ஈஎல்34 வால்வ் இரண்டு போட்ட 50 வாற் மார்ஷல் கம்பனி வகை அம்ப்பில், வால்வுகள் தங்கள் பக்கத்தில் பார்க்க விரும்பும் சுமை சுமார் 3400 ஓம். அதை 8 ஓம் ஸ்பீக்கரோடு இணைக்க 425க்கு 1 என்ற விகிதம் வேண்டும். சுற்றுகளின் விகிதம் அதன் வர்க்கமூலம், 20க்குக் கொஞ்சம் கூட. சுவிட்ச் செய்வதெல்லாம் செகண்டரிச் சுருளில், அதாவது ஸ்பீக்கர் பக்கத்துச் சுருளில், எந்த இடத்திலிருந்து வயர் எடுப்பது என்பதை மாற்றுவதுதான்.

இதில் விளங்கிக்கொள்ளவேண்டியது, ட்ரான்ஸ்போமருக்கென்று சொந்தமாக 3400 ஓம் கிடையாது. அது விகிதத்தை மட்டும்தான் வைத்திருக்கிறது. 8 இல் சுவிட்சை வைத்து 16 ஓம் கபினெற்றைக் கொழுவினால் வால்வுகள் 6800 பார்க்கும். 4 ஓம் கொழுவினால் 1700 பார்க்கும். இவ்வளவும் வெறும் கணக்கு, இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. பெருந்தவறு இல்லாவிட்டால், அதாவது இரண்டு மடங்குக்குள் இருந்தால், நல்ல நிலையில் உள்ள அம்ப் அன்று மாலையே எரிந்துபோகாது என்பதையும் நிச்சயமாகச் சொல்லலாம். ஃபெண்டர் கம்பனியின் டுவின் ரிவேர்ப் என்ற வால்வ் அம்ப்பில் இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர் சமாந்தரமாக, மொத்தம் 4 ஓம். பின்னால் மேலதிக ஸ்பீக்கருக்கு இன்னொரு ஓட்டை வைத்திருக்கிறார்கள். அதில் இன்னொரு 4 ஓம் பெட்டியைக் கொழுவினால் சுமை 2 ஓம். ட்ரான்ஸ்போமர் அப்படியே இருக்கிறது. அறுபதுகளிலிருந்து உலகம் முழுவதும் அப்படி வாசித்திருக்கிறார்கள்.

சந்தேகமான இடம் எது என்றால், மாறிப்போனால் எந்தப் பக்கம் மாறுவது நல்லது என்பது. சுமையின் ஓம் கூடினால், அதாவது 8 இல் 16ஐப் போட்டால், வால்வின் அனோட்டில் (ட்ரான்ஸ்போமரோடு சேரும் முனை) வோல்ட் ஊசலாட்டம் கூடும், உச்சத்தில் வால்வுக்குள் இருக்கும் ஸ்கிரீன் கிரிட் என்ற கம்பிவலை அதிக மின்னோட்டம் இழுத்துச் சிவக்கும். ஓம் குறைந்தால் அனோட் மின்னோட்டம் கூடும், வால்வ் கூடுதலாகச் சுடும், ஆயுள் குறையும். இரண்டுக்கும் காரணம் சொல்லலாம், திருத்துபவர்கள் இரண்டு கட்சியாக நின்று சண்டை பிடிப்பதும் இதில்தான். என் கட்சி எது என்று கேட்டால், ஈஎல்34 போட்ட, 450 வோல்ட் அளவில் ஓடும் அம்ப்பில் சுமையின் ஓம் குறைவாக இருப்பதையே விரும்புவேன். வால்வ் சீக்கிரம் தேய்ந்தால் வால்வை மாற்றலாம், ட்ரான்ஸ்போமரின் காப்பு உடைந்தால் செலவு வேறு. ஆனால் இது என் மேசையில் நான் பார்த்ததை வைத்துச் சொல்வது, விதி இல்லை. சரியான இலக்கமே சுவிட்சில் இருக்கும்போது எதற்காக வேண்டுமென்று மாற்றிப் போடவேண்டும் என்பதுதான் எனக்கு விளங்காத விஷயம். சிலர் அப்படிப் போட்டால் சத்தம் இனிமையாக இருக்கிறது என்கிறார்கள். இருக்கலாம். காது அவரவருடையது.

சரி, மேலே விட்ட இடத்துக்கு வருகிறேன். என்னிடம் வந்த செத்த ட்ரான்ஸ்போமர்களில் 8க்கும் 16க்கும் மாறிப் போட்டதால் செத்தது என்று துணிந்து சொல்லக்கூடியது ஒன்றுகூட நினைவில் இல்லை. ஸ்பீக்கரே இல்லாமல் வாசித்ததால் செத்தவை பல. துலாவில் தண்ணீர் நிறைந்த வாளி ஏறிக்கொண்டிருக்கும்போது கயிறு அறுந்தால் துலா என்ன செய்யும்? அதேதான். செகண்டரியில் மின்னோட்டம் போக வழியில்லாதபோது, ட்ரான்ஸ்போமரில் சேர்ந்த காந்தச் சக்தி பிரைமரிப் பக்கம், அதாவது வால்வுப் பக்கம், ஆயிரக்கணக்கான வோல்ட்டாகக் கிளம்பும். அது சுருளுக்குள் காப்பைத் துளைக்கும், இல்லையென்றால் வால்வ் சொக்கெற்றில் பாயும். ஈஎல்34 சொக்கெற்றில் 3ஆம் கால் அனோட், பக்கத்தில் 2ஆம் கால் வால்வைச் சூடாக்கும் இழைக்குப் போவது. அந்த இரண்டுக்கும் நடுவில், மண்ணிற பேக்கலைற்றில், பென்சிலால் கீறியதுபோல ஒரு மெல்லிய கறுப்புக் கோடு தெரியும். தீப்பொறி நடந்துபோன பாதை. துடைத்தால் போகாது. அது கரி, கரி மின்னைக் கடத்தும், அதனால் அடுத்த முறை பொறி அந்த வழியாகவே இன்னும் சுலபமாகப் போகும். அந்தக் கோட்டைக் கண்டால் சொக்கெற்றை மாற்றவேண்டும், வேறு வைத்தியம் இல்லை.

ஸ்பீக்கர் இல்லாமல் யார் வாசிப்பார்கள் என்று கேட்பீர்கள். தெரிந்துகொண்டு யாரும் இல்லை. ஆனால் கொழும்பில், அதுவும் காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கம் இருக்கும் வீடுகளில், உப்புக்காற்று, பிளக் குத்தும் ஓட்டையான ஜக்கின் உட்தகட்டைத் தின்றுவிடும். பச்சையாகப் பூத்திருக்கும். பிளக் உள்ளே இருக்கும், தொடுகை இருக்காது. சத்தம் விட்டு விட்டு வரும். வாசிப்பவர் கிற்றார் வயர் பழுது என்று நினைத்து அம்ப்பை இன்னும் கூட்டுவார். அங்கேதான் போகிறது. உங்கள் வீடு தெஹிவளை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். அம்ப்பிலும் கபினெற்றிலும் உள்ள ஸ்பீக்கர் ஜக்குகளைத் தொடுகைத் திரவம் போட்டுச் சுத்தம் செய்யுங்கள், தளர்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். ஓம் சுவிட்சும் இப்படித்தான். சில பழைய மார்ஷல்களில் அது சுவிட்சே இல்லை, கழற்றித் திருப்பிக் குத்தும் ஒரு சின்ன பிளக். தளர்ந்தால் தொடுகை போய்விடும். எந்த வகையாக இருந்தாலும் வாசித்துக்கொண்டிருக்கும்போது திருப்பக்கூடாது. ஒரு இலக்கத்திலிருந்து மற்றதற்குப் போகும் அந்தக் கணத்தில் அம்ப்புக்குச் சுமை இல்லை. ஸ்டான்ட்பை (அம்ப்பை ஓய்வில் வைக்கும் சுவிட்ச்) போட்டுவிட்டுத் திருப்புங்கள், நிறுத்திவிட்டுத் திருப்பினால் இன்னும் நல்லது. ஃபெண்டர்காரர்கள் இதை வேறு விதமாகச் சமாளித்தார்கள். அவர்களின் பிரதான ஸ்பீக்கர் ஜக்கில் பிளக் இல்லாவிட்டால் அது தானாகவே இரண்டு முனையையும் சேர்த்துவிடும். வால்வ் அம்ப்புக்குத் திறந்த முனையைவிட ஷோர்ட் ஆன முனை கொஞ்ச நேரத்துக்குத் தாங்கக்கூடியது. ஆனால் எல்லாக் கம்பனியும் அப்படிச் செய்வதில்லை, நம்பிப் பரீட்சை பார்க்கவேண்டாம்.

கேபிளும் இதே கதை. ஹெட்டிலிருந்து கபினெற்றுக்குக் கிற்றார் கேபிளைக் கொழுவுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே கால் அங்குல பிளக் என்பதால் வரும் பிழை. கலியாண மண்டபங்களில் வாசிக்கும் ஒருவர் அப்படி ஒன்றைக் கொண்டுவந்தார். வெட்டிப் பார்த்தால் நடுவில் மயிர் மாதிரி நாலைந்து இழை, சுற்றிவர இருந்த பிளாஸ்டிக் உருகி வெளிப்பின்னலோடு ஒட்டியிருந்தது. 50 வாற் 8 ஓமுக்குப் போகும்போது இரண்டரை அம்பியர் ஓடுகிறது, 4 ஓமுக்கு மூன்றரை. கிற்றாரிலிருந்து வரும் சின்னச் சைகைக்குச் செய்த வயர் அதைத் தாங்காது. இரண்டு கோர் 1.5 சதுர மில்லிமீற்றர் வயர் எந்த மின்சாமான் கடையிலும் கிடைக்கும். இரண்டு பக்கமும் நல்ல உலோகப் பிளக் போட்டு, 'ஸ்பீக்கர்' என்று ரேப் ஒட்டி எழுதிவிடுங்கள். தங்கமுலாம் பூசிய விலை உயர்ந்த கேபிள் தேவையே இல்லை.

ட்ரான்சிஸ்டர் அம்ப்புக்கு வந்தால் எல்லாம் தலைகீழ். அதில் அந்த ட்ரான்ஸ்போமர் கிடையாது, ஸ்பீக்கர் நேராக ட்ரான்சிஸ்டர்களில் தொங்குகிறது. அது தரக்கூடிய வோல்ட் ஏறக்குறைய ஒரே அளவு, மின்னோட்டத்தைத் தீர்மானிப்பது ஸ்பீக்கர். 4 ஓமில் 100 வாற் என்றால் 20 வோல்ட், 5 அம்பியர். அதில் 2 ஓமைப் போட்டால் 10 அம்பியர் கேட்கும். ட்ரான்சிஸ்டர் சூடேறிப் போய்விடும், நல்ல காலமிருந்தால் பாதுகாப்புச் சுற்று வெட்டிவிடும். மேல் பக்கம் போவதில் ஆபத்து இல்லை. உங்கள் 16 ஓம் கபினெற்றை அதில் தாராளமாகப் போடலாம், ஸ்பீக்கர் இல்லாமல் போட்டாலும் ஒன்றும் ஆகாது. இழப்பது சத்தம் மட்டும். கணக்குப்படி 100 வாற் கால்வாசியாகி 25 ஆகும். நடைமுறையில் அவ்வளவு குறையாது, இழுக்கும் மின்னோட்டம் குறையும்போது அம்ப்பின் மின்வழங்கி கொஞ்சம் மூச்சு விடும். பீவி பேன்டிற் 112 அம்ப்பை எடுத்தால் 4 ஓமில் 100 வாற், 8 ஓமில் 80, பாதியான 50 இல்லை. அதோடு வாற் கால்வாசியானால் சத்தம் கால்வாசியாகாது. 6 டெசிபெல்தான் குறையும். காதுக்குப் பாதியாகக் கேட்க 10 டெசிபெல் அளவு குறையவேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ட்ரான்சிஸ்டர் அம்ப்பில் ஸ்பீக்கர் முனைகள் இரண்டும் தொட்டுவிடக்கூடாது. வால்வுக்குப் பயம் திறந்த முனை, ட்ரான்சிஸ்டருக்குப் பயம் ஷோர்ட். ஒன்றுக்குக் கேட்ட புத்திமதியை மற்றதற்குப் பிரயோகித்ததால்தான் பாதிச் சாமான் என் மேசைக்கு வருகிறது.

நண்பரின் 8 ஓம் பெட்டி. அம்ப்பின் இரண்டு ஸ்பீக்கர் ஜக்கும் பெரும்பாலும் சமாந்தரம். 16ஐயும் 8ஐயும் பெருக்கிக் கூட்டுத்தொகையால் வகுத்தால் 5.33 ஓம். சுவிட்சை 4 இல் வைத்தாலும் 8 இல் வைத்தாலும் ஒன்றரை மடங்குக்குள்தான் இருக்கிறது, அம்ப்புக்கு இது பெரிய விஷயமில்லை. மேலே சொன்ன காரணத்துக்காக நான் 8 இல் வைப்பேன், 4 இல் வைக்கச் சொல்பவரோடு சண்டைக்குப் போகமாட்டேன். (அந்தப் பெரிய கபினெற் திறந்து பார்த்தபின் 8 ஓம் என்று தெரிந்தால் 8ம் 8ம் 4, சுவிட்ச் 4 இல், வாதமே இல்லை.) பிரச்சினை வேறு இடத்தில். சமாந்தரத்தில் ஓம் குறைந்த பக்கத்துக்கே அதிக மின்னோட்டம் போகும். 50 வாற்றில் மூன்றில் இரண்டு பங்கு, 33 வாற், அந்த ஒற்றை ஸ்பீக்கருக்கு. மிச்சம் 17 வாற்றை நாலு ஸ்பீக்கர் பங்குபோட்டுத் தலைக்கு நாலு வாற் சொச்சம். இதற்கு மேல், 50 வாற் வால்வ் அம்ப் என்பது சுத்தமான ஒலிக்குச் சொன்ன கணக்கு. கூட்டி வைத்து அலை சதுரமாகும் அளவுக்கு வாசித்தால் 70க்கு மேலும் தரும். அப்போது நண்பரின் ஸ்பீக்கருக்குப் போவது 47 வாற்றளவு. அது 25 அல்லது 30 வாற் ஸ்பீக்கர் என்றால் உங்கள் அம்ப் பிழைக்கும், நட்பு பிழைக்காது.

அந்த ஸ்பீக்கர் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கியதா என்றும் கேட்டுப் பாருங்கள். அங்கே நல்ல சாமானும் உண்டு. ஆனால் 500 வாற், 800 வாற் என்று பளபளக்கும் ஸ்டிக்கர் ஒட்டியவை அநேகம் கார் ஸ்பீக்கர்கள். அவை வழமையாக 4 ஓம், ஸ்டிக்கரில் இருக்கும் வாற் ஒரு கணநேர உச்சத்தைச் சொல்வது, நின்று தாங்கும் அளவை இல்லை. கிற்றாருக்கு அவற்றின் ஒலியும் பொருந்தாது. மீற்றரில் அளந்து மூன்று காட்டினால் அதைச் சமாந்தரமாகச் சேர்க்கும் யோசனையையே விட்டுவிடுங்கள், மொத்தம் 3.2 ஓமுக்கு இறங்கிவிடும். இரண்டு பெட்டியும் சேர்ந்து ஒலிக்கும்போது அடிக்குரல் காணாமல் போனால் ஒன்றின் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. 9 வோல்ட் பற்றரியைக் கேபிள் நுனியில் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். இரண்டு பெட்டியின் கூம்புகளும் ஒரே பக்கம் அசையவேண்டும். அம்ப் கொழுவியிருக்கும்போது இதைச் செய்யவேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்று. ரொறன்ரோவிலிருந்து வந்த அம்ப் என்றால் அது 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். நமக்கு 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். பின்னால் உள்ள தகட்டை வாசிக்காமல் சுவரில் குத்தவேண்டாம். மேலே எழுதிய முழுவதும் அந்த ஒரு செக்கனில் தேவையற்றதாகிவிடும். சில அம்ப்பில் உள்ளே வோல்ட் மாற்றும் வசதி உண்டு, திருத்துபவரிடம் கொடுத்து மாற்றலாம். இல்லாவிட்டால் 300 விஏக்கு (தாங்கும் மின்பாரத்தின் அளவு) குறையாத ஸ்ரெப்டவுன் ட்ரான்ஸ்போமர் வாங்குங்கள். ஸ்ரெப்டவுன் வோல்ட்டை மட்டும்தான் இறக்கும், 60 ஹேர்ட்ஸுக்கு மட்டும் என்று செய்த பவர் ட்ரான்ஸ்போமர் 50 இல் இன்னும் கொஞ்சம் சூடாக ஓடும், முதல் சில நாள் கை வைத்துப் பாருங்கள். எர்த் இல்லாத இரண்டு கால் பிளக்கில் மட்டும் எக்காரணம் கொண்டும் போடவேண்டாம். இரைச்சல் குறைகிறது என்று எர்த் வயரைக் கழற்றிவிட்டு மைக்கில் வாய் வைத்துச் சுண்டு சுட்டவர்களை எனக்குத் தெரியும்.

இப்போதைக்கு அம்ப்பைத் தொடாதீர்கள். கபினெற்றின் பின்பலகையைக் கழற்றி, நாலு ஸ்பீக்கரிலும் என்ன எழுதியிருக்கிறது, தனித்தனியாக மீற்றர் என்ன காட்டுகிறது, வயர் எதிலிருந்து எதற்குப் போகிறது என்று ஒரு தாளில் கீறிப் படம் எடுத்துப் போடுங்கள். அதைப் பார்த்துவிட்டுச் சுவிட்சை எதில் வைப்பது என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன்.